தகட்டு விளிம்பு கண்டறிதல்

தகட்டு விளிம்பு கண்டறிதல் என்பது கணினி வழி இயங்கும் சி.என்.சி. வெட்டு மேசையில் உலோகத் தகட்டின் இருப்பிடத்தையும் கோண விலகலையும் வெட்டுவதற்கு முன் அளந்தறியும் முறையாகும். 3000 மி.மீ. நீளமுள்ள தகடு 1 பாகை திரும்பியிருந்தால் அதன் மறுமுனை ஏறத்தாழ 52 மி.மீ. விலகிவிடும். இதனால் ஓரத்தில் அமையும் பாகங்கள் குறைபட்டு வீணாகும்.

லேசர் இயந்திரங்களில், வெட்டுத்தலையின் உயரத்தைச் சீராக வைத்திருக்கும் மின்தேக்குத்திறன் உணரியே இதற்கும் பயன்படுகிறது. வெட்டுத்தலை விளிம்பைக் கடக்கும்போது மின்தேக்குத்திறன் சட்டெனக் குறைகிறது. அவ்விடத்தின் ஆயங்கள் பதிவாகின்றன.

செவ்வகத் தகட்டிற்கு மூன்று புள்ளிகள் போதுமானவை. நீண்ட விளிம்பின் இரு புள்ளிகள் கோணத்தையும், குறுகிய விளிம்பின் ஒரு புள்ளி மூலையின் இடத்தையும் தருகின்றன. பின்னர் தகட்டை நகர்த்தாமல் நிரலின் ஆயங்களே சுழற்றப்படுகின்றன. மூலை செங்கோணமாக இல்லாத மிச்சத் தகடுகளில் மூன்று புள்ளிகள் போதா.