அக்கரப்பத்தனைக்கு ஏறிவந்த துண்டுகள்

அந்தக் காகிதத்துக்கு இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் துண்டு என்று பெயர். கங்காணியும் அவர் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், பழைய துரை அதை எழுதித் தர வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடச் சம்மதம் என்பதே அதன் சாரம். புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் கைமாறும், பெரும்பாலும் கூடும். லிந்துலைக்கு மேலே, டொரிங்டன், ஹோல்புரூக், டயகம என்று ஹோர்ட்டன் சமவெளியின் ஓரம்வரை விரியும் அக்கரப்பத்தனை மலைகளில் தேயிலை வளர்த்தவர்களின் காலமும் இந்த ஏற்பாட்டுக்குள்தான் கழிந்தது. யார் தலையில் கடன் இருந்ததோ, அவர்களில் அநேகருக்குத் துண்டை வாசிக்கத் தெரியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது.

அதே பத்தாண்டில் வேறு வகைக் காகிதம் ஒன்று மலையேறியது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அனுமதியில்லாத வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்பது மலையகம் இன்றும் சொல்லும் கதை. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். கங்காணி சொன்னதையும் பத்திரிகை சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு முதல்முறையாக வழி பிறந்தது. மலையகத்தின் முதல் ஊடகக் கல்வி அதுதான் என்பேன். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் நடேசய்யர் ஒரு படி மேலே போனார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று பாட்டுப் புத்தகம் போட்டார். கூட்டங்களில் தாமே பாடினார். அச்சில் இருந்தது, எழுத்தறியாதவர் காதுக்கும் எட்டியது.

இந்தப் பத்திரிகையும் பாட்டும் பக்கம் சார்ந்தவை. நம் பக்கம் சார்ந்தவை. ஆனாலும் எழுதியது யார், யாருக்காக, எது விடுபட்டது என்று அவற்றையும் கேட்க வேண்டும். வரலாற்றுப் பாடவேளையில் இதைப் பழக்கும் ஆசிரியர் நடேசய்யருக்குச் செய்வது மரியாதைதான்.

பிறகு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பிறப்புப் பதிவு, விண்ணப்பம், கடவுச்சீட்டு என்று மறுபடியும் காகிதங்கள். 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய கணக்கில் அக்கரப்பத்தனைக் குடும்பங்களும் இருந்தன.

இன்று லயத்து வீடுகளுக்கு மாதந்தோறும் வரும் துண்டு, சம்பளத் துண்டு. அதை வாசிக்கக் கணிதம் வேண்டும். 2024 மே மாத வர்த்தமானி சொன்னது நாளொன்றுக்கு 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம், 350 ரூபாய் ஊக்கக் கொடுப்பனவு. மேடையிலும் செய்தித் தலைப்பிலும் அது 1,700 ஆயிற்று. தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வந்த புதிய வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று நின்றது. ஒன்பதாந்தர வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதலாம். இருபத்தைந்து ‘பேர்’, அதாவது இருபத்தைந்து முழுநாள் வேலைப் பதிவு, விழுந்த மாதத்தில் தலைப்புக் கணக்குப்படி 42,500. அடிப்படைக் கணக்குப்படி 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,700 கழிந்தால் 31,050. அதன்பிறகு சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம். கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்கள் வேறு. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் 1,750 என்றது. அதுவும் 1,550 சம்பளமும் அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் சேர்ந்த தொகை. தலைப்பில் பொய் இல்லை. ஆனால் அம்மாவின் துண்டிலுள்ள எண்ணுக்கும் தலைப்பிலுள்ள எண்ணுக்கும் இடையே என்ன நடந்தது என்று பிள்ளை கேட்கத் தெரிந்தால், சதவீதம் என்ற அத்தியாயம் வீட்டுக்குள் வந்துவிடும்.

இன்னொரு காகிதம் உயிரோடு சம்பந்தப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை முதல் நிலை, 100 இரண்டாவது, 150 என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின்மேல் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எந்த மேசைவரை வந்தது, லயத்தில் யார் அதை வாசித்தார் என்ற கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை. இப்போது எச்சரிக்கை வட்ஸ்அப்பில் வருகிறது. போன வருடத்துச் சிவப்பு எச்சரிக்கையும் திகதி வெட்டப்பட்டு உடன் வருகிறது. திகதியையும் பிரதேச செயலகப் பிரிவையும் பார்த்து, மழைமானி அளவோடு ஒப்பிடுவது புவியியல் பாடத்தின் வேலை.

நம் பாடசாலைகளில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம். ஆனால் சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடம். வேறு பாடம் எடுத்த பிள்ளைக்கு அது கிடைக்காது. யுனெஸ்கோ 2011இல் வெளியிட்ட ஊடக, தகவல் அறிவுப் பாடத்திட்டம் எல்லாப் பாட ஆசிரியர்களையும் மனதில் வைத்தே எழுதப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். இவ்வளவு தாமதமாக வந்த இடத்தில் இந்த அறிவையும் விருப்பத்துக்கு விடுவது நியாயமில்லை.

இந்த அறிவைப் பழக்கக்கூடிய பாடவேளைகளில் அதிகம் மறக்கப்படுவது இரண்டாம் மொழிச் சிங்களப் பாடவேளை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலைநாடு கடுமையாக அடிபட்டது. தமிழில் எச்சரிக்கைகள் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு அப்போது எழுந்தது. தமிழில் உடனுக்குடன் தருவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, அக்கரப்பத்தனைச் சிங்கள ஆசிரியர் பாடப்புத்தகத்துக் கடிதத்தை ஒரு நாள் ஒதுக்கிவிட்டு, உண்மையான மண்சரிவு அறிவித்தல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வரட்டும். திகதி, இடம், நிறம், ‘வெளியேறுங்கள்’ என்ற வினை: இந்த நான்கையும் சிங்களத்தில் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை போதும்.