வீட்டுப் பட்டறையில் ஈரக் கட்டுப்பாடு

வீட்டுப் பட்டறையில் ஈரக் கட்டுப்பாடு என்பது, வீட்டின் வண்டிக் கொட்டகையிலோ தரைத்தள அறையிலோ அமைந்த சிறு பட்டறையின் கருவிகள், எந்திரங்கள், மரம் ஆகியவற்றைத் துருவிலிருந்தும் பூஞ்சணத்திலிருந்தும் காக்கும் முறைகளைக் குறிக்கும். கடலோர ஊர்களில் இதன் தேவை மிகுதி. புதுச்சேரி நகரின் ஒரு பகுதியான தட்டாஞ்சாவடி இத்தகைய சூழலுக்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

சூழல்

தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை ஒன்று உள்ளது. வங்கக் கடல் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்து காணப்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. புயல்களும் பெரும்பாலும் இக்காலத்திலேயே தாக்குகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் நகரில் 40 செ.மீ.க்கும் மேலான மழை பதிவானது.

துரு உண்டாகும் முறை

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிசனும் தேவை. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்தாலே போதும். தூய காற்றில் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60% அளவைத் தாண்டும்போது துருப்பிடித்தல் விரைவடைகிறது. உப்புத்தூள் படிந்த இரும்பில் இந்த எல்லை மேலும் குறையும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு, ஏறத்தாழ 33% ஈரப்பதத்திலேயே காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்குவதே இதற்குக் காரணம். எனவே, உலர்ந்ததாகத் தோன்றும் நாளிலும் கடலோரக் கருவிகள் துருப்பிடிக்கின்றன. கடலிலிருந்து தொலைவு கூடக்கூட உப்புப் படிவு விரைவாகக் குறைகிறது. ஆனால் புயற்காற்று உப்பை உள்நாட்டிற்கும் கொண்டு செல்கிறது.

ஈரம் நுழையும் வழிகள்

ஈரம் எவ்வழியே வருகிறது என்பதை அறியாமல் செய்யும் தடுப்பு பெரும்பாலும் பயன் தருவதில்லை. முதன்மையான வழிகள் மூன்று.

1. தரையும் சுவரும்: நிலத்தடி ஈரம் நுண்புழை ஈர்ப்பினால் மேலேறும். இதை அறிய, அரை மீட்டர் சதுரமுள்ள நெகிழித்தாளைத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் மூடி ஒரு நாள் விடவேண்டும். தாளின் அடியில் நீர் கோத்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேற்புறத்தில் கோத்தால் அது காற்றிலிருந்து வருவதாகும்.

2. வெளிக்காற்று: மழை நாட்களில் கதவைத் திறந்து வைப்பது பட்டறையை உலர்த்தாது, ஈரக்காற்றை உள்ளே கொணரும். உள்ளேயும் வெளியேயும் ஈரப்பதமானி வைத்து ஒப்பிடலாம். சார்பு ஈரப்பதம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதால், ஒப்பிடும்போது இரண்டு இடங்களின் வெப்பநிலையையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

3. நீர் கோத்தல்: 30 பாகை செல்சியசு வெப்பமும் 80% ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை ஆகும். இரவில் 25 பாகைக்குக் குளிர்ந்த கனமான இரும்பின் மேல் இக்காற்று பட்டால், குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல இரும்பும் வியர்க்கும். கடைசல் எந்திரத்தின் படுகை, பட்டறைப் பிடிசிராவி முதலியவை காலையில் நனைந்திருப்பது இதனாலேயே.

தடுப்பு முறைகள்

கருவிகளைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், இடைவெளி விட்ட தாங்கிகளில் வைப்பது முதற்படி. அறை முழுவதையும் உலர்த்துவது கடினம். மூடிய பேழை ஒன்றை உலர்த்துவது எளிது. பேழைக்குள் சிறு மின்விளக்கு எரிந்தால் காற்று சூடாகிச் சார்பு ஈரப்பதம் குறையும். 25 பாகையில் 90% ஈரப்பதமுள்ள காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 67% ஆகிறது. விளக்கைத் துணி, மரத்தூள் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.

சிறு பெட்டிகளுக்குச் சிலிக்கா செல் போதுமானது. ஈரம் நிறைந்ததும் அதை ஏறத்தாழ 120 பாகையில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். கால்சியம் குளோரைடு மிகுதியாக ஈரம் ஈர்க்கும்; ஆயினும் அதிலிருந்து வடியும் உப்புநீர் கருவியில் பட்டால் துருவை விரைவுபடுத்தும்.

உளி, அரம், இழைப்புளி அலகு போன்றவற்றை வியர்வை படிந்த கையால் தொட்டபின் துடைத்து, எந்திர எண்ணெய் தடவுவது வழக்கம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும் என்பதால் நுண்கருவிகளுக்கு ஏற்றதன்று.

கழிவறை தூய்மைக்கான ஆசிட், வெளுப்புத் தூள் ஆகியவற்றைப் பட்டறையில் வைக்கலாகாது. மூடிய புட்டியிலிருந்தும் கசியும் ஆவி அருகிலுள்ள இரும்பைச் சில நாட்களில் துருவேற்றும். மின்னேற்றத்தின்போது அமில மின்கலத்திலிருந்து வெளிவரும் நுண்துளிகளும் அத்தகையனவே.

பூஞ்சணம்

மரப்பிடி, தோல், அட்டை, சுவர் ஆகியவற்றில் பூஞ்சணம் வளர்வதற்கு, மேற்பரப்பில் ஏறத்தாழ 75 முதல் 80% ஈரப்பதம் நீடிக்கவேண்டும். அதனைத் துடைத்து மட்டும் விட்டால் மீண்டும் வளரும். ஈரத்தின் மூலத்தை நீக்குவதே நிலையான தீர்வு. உலர்ந்த பூஞ்சணத்தைப் பெருக்கினால் வித்துகள் காற்றில் பரவும். ஆகவே முகக்கவசம் அணிந்து, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். வெளுப்புத் தூளையும் ஆசிட்டையும் கலந்தால் நச்சு வாய்ந்த குளோரின் வளிமம் உண்டாகும்.

வெள்ளத்தில் நனைந்த கருவிகள்

வெள்ளநீர் புகுந்த எந்திரத்தை உடனே இயக்கிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்தானது. முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். கைக்கருவிகளை நன்னீரால் கழுவி, சேறும் உப்பும் நீங்கியபின் உலர்த்தி அன்றே எண்ணெய் பூசவேண்டும். மின்னோடிகளை உலர்த்தி, மின்பணியாளர் காப்புத்தடையை அளந்த பின்னரே இயக்கலாம். படிந்த துருவைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நீக்கலாம். வெளியே எடுத்த இரும்பு சில நிமிடங்களிலேயே மீண்டும் துருவேறக் கூடுமாதலால், உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுதல் இன்றியமையாதது.

பெரிய கட்டமைப்புகளில்

இதே சிக்கல் பெரிய அளவில் பாம்பனில் காணப்படுகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தில் அரிமானத்தினால் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது; புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடலோர அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. பாலமாயினும் உளியாயினும் அடிப்படை ஒன்றே: நீரும் உப்பும் இரும்பைத் தொடாமல் தடுத்தல், தொட்டவிடத்துத் தாமதமின்றி அகற்றுதல்.