மேற்கு சஹாரா கடல்ல மீன் பிடிக்க யார்கிட்ட அனுமதி கேட்கணும்? ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது என்ன? முழு விவரம்!

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையில், மொராக்கோவுக்குத் தெற்கே இருக்கிறது மேற்கு சஹாரா. நிலம் முழுக்கப் பாலைவனம். ஆனால் அதை ஒட்டிய அட்லாண்டிக் கடல், மத்தி, கணவாய், ஆக்டோபஸ் என மீன்வளம் கொட்டிக் கிடக்கும் இடம். இந்த மீனைப் பிடிக்க ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாட்டுப் படகுகளுக்கு அனுமதி கொடுத்தது மொராக்கோ. ‘அந்தக் கடலே உங்களுடையது இல்லையே, நீங்க எப்படி அனுமதி கொடுக்கலாம்?’ என்பதுதான் இந்த வழக்கின் மையக் கேள்வி.

அடுத்த நாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாமா?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் எல்லைக் கடல். 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, பிரத்யேகப் பொருளாதார மண்டலம். இங்கே இருக்கும் மீன் மீதான உரிமை அந்த நாட்டுக்கே. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இதைத்தான். தன்னால் பிடிக்க முடியாமல் மிஞ்சும் மீனை மட்டும், ஒப்பந்தம் போட்டு மற்ற நாடுகளுக்குக் கொடுக்கலாம். பதிலுக்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம்.

அப்போ பிரச்சனை எங்கே?

மேற்கு சஹாரா முன்பு ஸ்பெயினின் காலனி. அங்கே மொராக்கோவுக்கு இறையாண்மை இருந்ததாகக் காட்டும் தொடர்பு எதுவும் இல்லை என்று 1975-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்து சொன்னது. ஆனாலும் ஸ்பெயின் வெளியேறியதும் பெரும்பகுதி மொராக்கோவின் கைக்குப் போனது. தனி நாடு கேட்டு பொலிசாரியோ முன்னணி ஆயுதம் ஏந்தியது. 1991-ல் போர் நிறுத்தம் வந்தது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்னார்கள், அது நடக்கவே இல்லை. அந்த மண்ணின் சஹ்ராவி மக்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அல்ஜீரியாவின் டிண்டூஃப் அகதி முகாம்களில்தான் இன்னும் வாழ்கிறார்கள்.

ஒப்பந்தமும் வழக்கும்

2011 டிசம்பரில் ஒப்பந்தத்தை நீட்டிக்க ஐரோப்பிய நாடாளுமன்றம் மறுத்தது. உடனே ஐரோப்பியப் படகுகளை வெளியேறச் சொன்னது மொராக்கோ. பிறகு ஒப்பந்தம் திரும்பவும் வந்தது. 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ‘மேற்கு சஹாரா கடலுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது’ என்று தீர்ப்பளித்தது.

ஆனால் ஐரோப்பியப் படகுகள் பிடித்த மீனில் 90 சதவீதத்துக்கும் மேல் வந்ததே அந்தக் கடலில் இருந்துதான்! அதனால் 2019-ல், மேற்கு சஹாரா கடலையும் வெளிப்படையாகச் சேர்த்துப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். 128 படகுகளுக்கு அனுமதி. படகு உரிமையாளர்கள் கட்டும் கட்டணத்தையும் சேர்த்து, 4 ஆண்டுகளுக்கு மொராக்கோவுக்குச் சுமார் 20.8 கோடி யூரோ.

இதை எதிர்த்து பொலிசாரியோ முன்னணி வழக்குப் போட்டது. 2021 செப்டம்பரில் கீழ் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2024 அக்டோபர் 4-ம் தேதி மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான் வந்தது.

நீதிமன்றம் சொன்ன காரணம் என்ன?

‘அங்கே இருப்பவர்களிடம் கருத்துக் கேட்டோம், அவர்களுக்கும் நன்மைதான்’ என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இப்போது அங்கே குடியிருப்பவர்கள் வேறு, மேற்கு சஹாரா மக்கள் வேறு. அந்த மக்களில் பெரும்பாலானோர் வெளியேதான் இருக்கிறார்கள். கருத்துக் கேட்பது வேறு, சம்மதம் பெறுவது வேறு என்று பிரித்துச் சொன்னது. அதேசமயம் ஒரு வழியையும் காட்டியது. அந்த மக்கள் மீது எந்தக் கடமையையும் சுமத்தாமல், சரிபார்க்கக்கூடிய உண்மையான பலன் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால், சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு என்ன பாதிப்பு?

ஒப்பந்தத்தின் மீன்பிடி அனுமதி 2023 ஜூலையிலேயே முடிந்துவிட்டதால், தீர்ப்பு வந்த நாளில் திரும்ப அழைக்க அங்கே படகுகள் இல்லை. ஆனால் அந்தக் கடலை நம்பியிருந்த ஸ்பெயின் மீனவர்களுக்குத் தொழில் அடி வாங்கியது. மொராக்கோவுக்கோ பணத்தைவிட, ‘இது என் கடல்’ என்ற உரிமைக்கோரல் முக்கியம். முகாம்களில் இருக்கும் சஹ்ராவி மக்கள் ஊர் திரும்ப இந்தத் தீர்ப்பு வழி செய்யவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் இனி அந்தக் கடலுக்கு எந்த ஒப்பந்தம் போட்டாலும், அவர்களின் சம்மதமும் பலனும் எங்கே என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.