நாணய மாற்றுக் கடையிலிருந்து டோக்கன் சந்தைக்கு: சிங்கப்பூர்க் கிரிப்டோ சட்டம் வந்த வழி

சிராங்கூன் சாலையில் ரூபாயும் ரிங்கிட்டும் மாற்றித் தரும் கடைக்காரரும் பிட்காயின் சந்தை நடத்தும் நிறுவனமும் சிங்கப்பூரில் ஒரே சட்டத்தின்கீழ்தான் உரிமம் வாங்குகிறார்கள். 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2020 ஜனவரி 28இல் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டம் அது. நாணய மாற்று வணிகத்தையும் பணம் அனுப்பும் தொழிலையும் நாற்பது ஆண்டு காலம் கட்டி ஆண்ட 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. இந்த வம்சாவளியைக் கவனிக்காமல் சிங்கப்பூரின் கிரிப்டோ விதிகளைப் படிப்பவர்களுக்கு, அவற்றில் ஏன் சில கதவுகள் அத்தனை இறுக்கமாகவும் சில நெடுநாள் திறந்தும் கிடந்தன என்பது விளங்காது.

டோக்கன்களுக்கென்று சிங்கப்பூர் தொடக்கத்தில் புதுச் சட்டம் எதையும் யோசிக்கவில்லை. கையில் இருந்த இரண்டு பழைய கிளைகளில் ஒன்றில் அவற்றை ஏற்றியது. ஒன்று பங்குப் பத்திரங்களுக்கான சட்டம். முதலீட்டாளர் ஏமாறாமல் காப்பது அதன் நோக்கம். மற்றொன்று நாணய மாற்றுச் சட்டம். கள்ளப்பணம் புகாமல் பார்ப்பதே நாளடைவில் அதன் முதல் வேலையாகிவிட்டது. உண்டியல் என்று நம்மவர் சொல்லும், கணக்கில் வராத பணப் பட்டுவாடாவை அறிந்தவர்களுக்கு இந்த அக்கறை புதிதல்ல. ஒரு டோக்கன் எந்தக் கிளையில் விழுந்ததோ, அதுவே அதை வாங்கியவருக்கு எவ்வளவு காப்பு என்பதைத் தீர்மானித்தது. பிட்காயின் இரண்டாவது கிளையில் விழுந்தது. அதன் விலையைத்தான் 2022இல் பலர் கொடுத்தார்கள் என்பது என் வாதம்.

2014 பிப்ரவரியில் தோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தை கவிழ்ந்தது. மார்ச் 13இல் சிங்கப்பூர் நாணய ஆணையம், மெய்நிகர் நாணயங்களை வாங்கி விற்கும் இடைத்தரகர்களுக்கு விதி கொண்டுவரப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ரொக்கம் கையாளும் நாணய மாற்று வணிகருக்கும் பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கும் உள்ளதைப் போன்ற கடமைகள் இவை என்று ஆணையமே சொன்னது. மவுண்ட் காக்ஸில் நடந்ததோ வேறு: வாடிக்கையாளர்கள் ஒப்படைத்துவைத்த நாணயம் காணாமல் போனது. அதற்கு மருந்து அந்த அறிவிப்பில் இல்லை. நாணயம் தன்னளவில் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வராது, முதலீடு செய்பவர் தம் பொறுப்பில் செய்துகொள்ளட்டும் என்பதே நிலை.

மூன்று ஆண்டு கழித்து முதல் கிளை அசைந்தது. டோக்கன் வெளியிட்டுப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் வழக்கம் 2017இல் உலகெங்கும் பரவியது. ஜூலை 25இல் அமெரிக்கப் பங்குப் பத்திர ஆணையம் ‘டாவ்’ டோக்கன்கள் பத்திரங்களே என்றது. ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 1இல், சிங்கப்பூரும் தன் நிலையைத் தெளிவுபடுத்தியது. நவம்பரில் ஒரு வழிகாட்டி வெளிவந்தது. டோக்கனின் பெயரோ தொழில்நுட்பமோ முக்கியமில்லை, அதை வைத்திருப்பவருக்கு என்ன உரிமை கிடைக்கிறது என்று பார் என்பதுதான் அதன் சாரம். நிறுவனத்தில் பங்கு தருகிறதா, அது பங்கு. கடனை ஒப்புக்கொள்கிறதா, அது கடன்பத்திரம். பலரது பணத்தைத் திரட்டி முதலீடு செய்து இலாபம் பகிர்கிறதா, அது கூட்டு முதலீட்டுத் திட்டம். அப்படியானால் விளக்க அறிக்கை வேண்டும். சந்தை நடத்துபவர் ஆணையத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். கற்பனை நிறுவனங்களை வைத்து, இது உள்ளே, இது வெளியே என்று அந்த வழிகாட்டி விளக்கியது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டும் அந்த அடிப்படை மாறவில்லை.

தடை போடு என்ற குரல்களும் அப்போது இருந்தன. அன்றைய துணைப் பிரதமரும் ஆணையத்தின் தலைவருமான தர்மன் சண்முகரத்னம் 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அளித்த பதிலில், கிரிப்டோ வணிகத்தைத் தடை செய்ய வலுவான காரணம் இல்லை என்றார். மாறாக, அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களோடு தொடர்பு வைக்கக் கூடாதென்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

தடை இல்லை என்பதால் தளர்வு என்று பொருளல்ல. 2018 மே மாதம் எட்டு டோக்கன் சந்தைகளை ஆணையம் எச்சரித்தது. நிறுவனப் பங்கையே டோக்கனாக விற்ற ஒரு வெளியீட்டை நிறுத்தி, சிங்கப்பூர் முதலீட்டாளரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவைத்தது. 2019 ஜனவரியில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. வசதி படைத்த முதலீட்டாளருக்கு மட்டும் விற்பதானால் விளக்க அறிக்கை தேவையில்லை என்ற விலக்கின்கீழ் ஒரு பத்திர டோக்கன் வெளியீடு தயாரானது. அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: விளம்பரம் கூடாது. வெளியீட்டாளரின் சட்ட ஆலோசகரே லிங்க்ட்இன் தளத்தில் அதைப் பற்றிப் பதிவு போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பதிவு. வெளியீடு நின்றது.

பத்திர டோக்கன்கள் அதன்பின் ஒழுங்காகவே வளர்ந்தன, உயர்ந்த மதிலுக்குள். ஆணையத்தின் சோதனைக் களத்தில் இருந்து வெளிவந்த ஐஸ்டாக்ஸ் தளம், இன்றைய ஆடெக்ஸ், 2020 பிப்ரவரியில் முழு உரிமம் பெற்றது. டிபிஎஸ் வங்கி அந்த ஆண்டு டிசம்பரில் மின்னிலக்கச் சந்தை திறந்து, 2021 மே மாதம் 1.5 கோடி வெள்ளிக்குக் கடன்பத்திர டோக்கன் வெளியிட்டது. 10,000 வெள்ளி மடங்குகளில் விற்றதால் சிறிய கைகளுக்கும் எட்டும் என்று தோன்றலாம். ஆனால் வாங்கத் தகுதி உள்ளவர் யார்? நிகரச் சொத்து 20 இலட்சம் வெள்ளிக்கு மேல், அல்லது நிதிச் சொத்து 10 இலட்சத்துக்கு மேல், அல்லது ஆண்டு வருமானம் 3 இலட்சம். குடியிருக்கும் வீட்டின் மதிப்பிலும் 10 இலட்சம் வரைதான் கணக்கில் சேரும். பொங்கோலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக ஐந்தறை வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த வாசல் எளிதில் திறக்காது. ஆக, காப்பு மிகுந்த டோக்கன் சாமானியருக்கு மூடியிருந்தது. காப்பற்ற டோக்கன் கைபேசியில் நாலு தட்டில் கிடைத்தது. இந்த முரணை அன்றைக்குப் பெரிதாக எடுத்துப் பேசியவர்கள் குறைவு.

2020இன் கட்டணச் சேவைகள் சட்டம் பிட்காயின் போன்றவற்றை ‘மின்னிலக்கக் கட்டண டோக்கன்’ என்று வகைப்படுத்தி ஏழு சேவைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மாதத்துக்கு 30 இலட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறினால் பெரிய நிறுவனத்துக்குரிய உரிமம். குறைந்தால் சாதாரண உரிமம். வாடிக்கையாளர் அடையாளம், பரிவர்த்தனைக் கண்காணிப்பு, டோக்கனோடு அனுப்புநர், பெறுநர் விவரமும் செல்ல வேண்டும் என்ற உலகளாவிய விதி, எல்லாம் வந்தன. ஆனால் நுணுக்கமாகப் படித்தால் ஓர் ஓட்டை தெரியும். பெரிய கட்டண நிறுவனத்தின் மின்பணப்பையில் நீங்கள் போட்டுவைத்த 100 வெள்ளியைத் தனியே பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. அதே 100 வெள்ளிக்கு வாங்கிய பிட்காயினுக்கு அந்தக் கட்டளை இல்லை. டோக்கனை வாங்கி விற்பது உரிமத்துக்குள் வந்தது; வைத்துக் காப்பது மட்டும் வரவில்லை.

சட்டம் நடப்புக்கு வந்த நான்கே வாரத்தில் நீதிமன்றமும் அதே வெற்றிடத்தைச் சுட்டியது. 2017 ஏப்ரலில் குவாயின் என்ற சிங்கப்பூர்ச் சந்தையில் கணினிக் கோளாறால் சந்தை விலையைப் போல் ஏறத்தாழ 250 மடங்குக்கு ஈத்தர் விற்பனையானது. குவாயின் அந்த வணிகத்தைத் தானாகவே ரத்துசெய்ய, விற்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2020 பிப்ரவரி 24இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தைக் குவாயின் மீறியது உண்மை என்றது. ஆனால் வாடிக்கையாளரின் நாணயத்தை நம்பகப் பொறுப்பில், அதாவது அவருக்காகக் காத்துவைக்கும் சொத்தாக, குவாயின் வைத்திருந்தது என்ற கீழ்நீதிமன்ற முடிவை ஏற்கவில்லை. தனிக் கணக்கில் வைத்திருந்தது மட்டும் போதாது. அந்த நோக்கம் தெளிவாக இருந்திருக்க வேண்டும். கிரிப்டோ சொத்தா இல்லையா என்ற கேள்வியை நீதிமன்றம் திறந்தே விட்டது.

உரிமத்துக்கு 170 வாக்கில் விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை விலக்கின்கீழ் தொழில் நடத்தலாம் என்பது இடைக்கால ஏற்பாடு. அதிகாரபூர்வமான உரிமங்கள் 2021 கடைசியில்தான் வரத் தொடங்கின. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் விலகியோ நிராகரிக்கப்பட்டோ போயிருந்தனர். பைனான்ஸ் தளம் 2021 செப்டம்பரில் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறியது. அதன் சிங்கப்பூர்க் கிளை டிசம்பரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. 2022 ஜனவரி 17இல் பொது இடங்களில் கிரிப்டோ விளம்பரம் கூடாதென்று வழிகாட்டல் வந்தது. லிட்டில் இந்தியா, பொங்கோல் வழியாக ஓடும் வடகிழக்குப் பாதை உட்பட எந்த ரயிலிலும் நிலையத்திலும் இனி அந்த விளம்பரங்கள் கிடையாது. கடைத்தொகுதிகளில் நின்ற பிட்காயின் இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன.

நான்கே மாதத்தில் டெர்ரா என்ற கிரிப்டோ திட்டம் சரிந்தது. அதை நடத்திய டெர்ராஃபார்ம் லேப்ஸ் சிங்கப்பூரில் பதிந்த நிறுவனம். ஆணையத்தின் உரிமம் இல்லாதது. சிங்கப்பூரில் வளர்ந்த திரீ ஏரோஸ் கேபிட்டல் நிதியம் ஜூன் மாதம் கலைப்புக்குப் போனது. தவறான தகவல் தந்ததற்காகவும் 25 கோடி வெள்ளி சொத்து வரம்பை மீறியதற்காகவும் ஆணையம் அதைக் கண்டித்தது. கிரிப்டோ கடன் நிறுவனமான ஹோட்லநாட்டின் நிலைமை இன்னும் சங்கடமானது: அதற்குக் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்திருந்தது. ஆகஸ்டில் வாடிக்கையாளர் பணம் எடுப்பதை அது முடக்கியது. டெர்ராவில் அதற்கு நேர்ந்த நட்டம் ஏறத்தாழ 19 கோடி அமெரிக்க டாலர் என்பது பிறகு தெரிந்தது. நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை விழுந்தபோது அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் 27.5 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. ஆணையத்தின் அன்றைய நிர்வாக இயக்குநர் ரவி மேனன் ஆகஸ்ட் உரையில் மின்னிலக்கச் சொத்துப் புத்தாக்கத்துக்கு ஆதரவு, கிரிப்டோ ஊக வணிகத்துக்கு எதிர்ப்பு என்று கோடு கிழித்தார். கொள்கையாகச் சரிதான். ஆனால் ஊக வணிகம் செய்தவர்களோடு, பணத்தை நம்பி ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களும் சேர்ந்தே இழந்தார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்கு அதுவரை சட்டத்தில் இடமே இல்லை.

அந்த இடத்தை 2023 ஜூலையில் ஆணையமும் நீதிமன்றமும் ஒரே மாதத்தில் அமைத்தன. ஜூலை 3இல் ஆணையம், வாடிக்கையாளர் டோக்கன்களை நிறுவனச் சொத்திலிருந்து பிரித்துச் சட்டபூர்வமான நம்பகப் பொறுப்பில் வைக்க வேண்டும், சில்லறை வாடிக்கையாளரின் டோக்கனைக் கடனுக்கு விட வழி செய்யக் கூடாது என்று அறிவித்தது. ஜூலை 25இல் பைபிட் என்ற கிரிப்டோ சந்தை தொடுத்த வழக்கில் நீதிபதி ஃபிலிப் ஜெயரத்தினம், கிரிப்டோ நாணயம் சொத்துதான், அதை நம்பகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தார். தனித்துப் பிரித்து அடையாளம் காண முடிகிற ஒன்று என்பதற்கு ஆணையத்தின் முன்மொழிவையே அவர் எடுத்துக்காட்டினார். நவம்பரில் ஊக்கப் பரிசு, கடன், உள்ளூர்க் கடன் அட்டை ஆகியவற்றுக்கும் தடை அறிவிக்கப்பட்டது. டோக்கன்களை வைத்துக் காக்கும் தொழிலை உரிமத்துக்குள் கொண்டுவந்த திருத்தச் சட்டமோ 2021 ஜனவரியிலேயே நாடாளுமன்றத்தைத் தாண்டியிருந்தது. நடப்புக்கு வந்தது 2024 ஏப்ரல் 4இல்; பாதுகாப்பு விதிகளுக்கு மேலும் ஆறு மாத அவகாசம். நிறைவேறியதற்கும் நடப்புக்கு வந்ததற்கும் இடையே டெர்ராவும் ஹோட்லநாட்டும் எஃப்டிஎக்ஸும் அடங்கிவிட்டன.

அப்போதும் ஒரு வாசல் மிச்சமிருந்தது. சிங்கப்பூரில் முகவரி, வாடிக்கையாளர் எல்லாம் வெளிநாட்டில் என்றிருந்த நிறுவனங்கள். 2022இன் நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டத்தின் அந்தப் பகுதி 2025 ஜூன் 30இல் நடப்புக்கு வந்தது. உரிமம் வாங்கு, இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சேவையை நிறுத்து, மாறுகாலம் இல்லை, உரிமமும் பொதுவாகத் தரமாட்டோம். மீறினால் 2.5 இலட்சம் வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும்.

அந்த வாசலின் மறுபுறம் இந்தியா இருந்தது. வாசிர்எக்ஸ் சந்தையில் 2024 ஜூலை 18இல் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திருடுபோயின. அதன் தாய் நிறுவனமான ஸெட்டாய் சிங்கப்பூரில் இருப்பதால், இந்திய வாடிக்கையாளர்களின் கடன்தீர்வுத் திட்டம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜூனில் மறுக்கப்பட்டுத் திருத்திய திட்டம் மறுவாக்கெடுப்புக்குப் பின் அக்டோபர் 13இல் ஒப்புதல் பெற்றது. நட்டத்தை எல்லா வாடிக்கையாளரும் பகிர்ந்துகொள்வது அதன் அடிப்படை. அதே மாதம் 25இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வேறு கோணத்தில் தீர்ப்பளித்தார். மனுதாரரான வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர் வைத்திருந்தது 3,532.30 எக்ஸ்ஆர்பி, திருடுபோனவை வேறு வகை டோக்கன்கள். கிரிப்டோ சொத்து, நம்பகப் பொறுப்பில் வைக்கத்தக்கது என்பதால், பிறர் நட்டத்துக்கு இவரது சொத்தைச் சேர்க்க இயலாது என்று சொல்லி, வாசிர்எக்ஸ் தரப்பை 9.56 இலட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரச் சொன்னார். பணம் சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து போனதால் வழக்கை இங்கே கேட்கலாம் என்றது நீதிமன்றம். அது இடைக்காலக் காப்பு மட்டுமே. மூல வழக்கைத் தீர்க்க வேண்டியது நடுவர் மன்றம். வாடிக்கையாளர் ஒப்பந்தப்படி அதன் இருப்பிடம் சிங்கப்பூர்.