எண்ணூர் முகத்துவாரம்: நான் பார்த்த அறுபது வருஷம்

போன மாதம் என் பள்ளித் தோழன் வீட்டுக் கல்யாணத்திற்காகக் காட்டுக்குப்பம் போயிருந்தேன். திரும்பும் வழியில் முகத்துவாரப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் உயர் அழுத்த மின் கோபுரங்களை எண்ண ஆரம்பித்து, முப்பது வந்ததும் விட்டுவிட்டேன். கூட வந்த பேத்தி, "ஏன் தாத்தா, இதையா பார்க்க வந்தீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இன்றைய பிள்ளைகளிடம் எண்ணூர் ஒரு காலத்தில் உல்லாச இடம் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை. வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸின் பெரிய உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் இங்கே பங்களா வைத்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்து படகு விடுவார்கள், மீன் பிடிப்பார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம், நடுவே மணல் திட்டு. காற்றுக்குக் கேட்கவா வேண்டும்?

அவர்கள் வந்து போக வழி செய்தது ஒரு கால்வாய். பேசில் காக்ரேன் என்ற வியாபாரி 1801-ல் மதராஸிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது பிறகு பழவேற்காடு வரை நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து அந்த வேலையை விரிவாக்கினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோதும் அதில் சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போகும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் தெரிந்தவர் படகில் ஏற்றிக்கொண்டு போவார். தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே போகலாம். அடியில் நண்டு ஓடுவது தெரியும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. மடவை, கொடுவா, இறால், பச்சை நண்டு எல்லாம் கிடைக்கும். குப்பத்து மக்கள் 'பாடு' என்று முறை வைத்து வலை போடுவார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. இருளர் குடும்பங்கள் வலையே இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும். இத்தனை பேருக்கும் அந்த ஒரு ஆறு போதுமானதாக இருந்தது.

சரி, எப்போது மாறியது? ஒரே நாளில் இல்லை. 1948-ல் மோட்டார் தொழிற்சாலை வந்தது. பிறகு உரம், வார்ப்படம், பக்கத்தில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 1990-களில் ஆற்றுக்கு வடக்கே இன்னொன்று. 2001-ல் துறைமுகம்.

இதில் நான் யோக்கியன் வேஷம் போட விரும்பவில்லை. நாங்கள் எல்லாம் சந்தோஷப்பட்டவர்கள்தான். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த எங்கள் தெருவுக்குக் கம்பம் வந்தபோது அம்மா அதற்குக் கற்பூரம் காட்டினாள். புகைபோக்கி எழும்பியதை வாயைப் பிளந்து பார்த்தோம். என் அண்ணனுக்கு வேலை கிடைத்ததும் தொழிற்சாலையில்தான். கம்பம் வேண்டாம் என்று அன்று எவனாவது சொல்லியிருந்தால் நானே அவனைத் திட்டியிருப்பேன்.

ஆனால் ஒவ்வொன்று வரும்போதும் "கொஞ்சம் இடம்தானே" என்றார்கள். ஆறு என்றால் காலி இடம் என்று யாரோ காகிதத்தில் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. கோபுரத்திற்குக் கொஞ்சம், அதைக் கட்ட லாரி போகும் மண் பாதைக்குக் கொஞ்சம், நிலக்கரி கொண்டு போகும் பட்டைக்குக் கொஞ்சம். சாம்பல் கரைசல் போகும் குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. அவை ஒழுகி ஒழுகி ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. கல்யாண வீட்டில் தோழன் சொன்னான்: "டேய், நாம குதிச்சு நீச்சல் பழகின இடம் ஞாபகம் இருக்கா? இப்ப அங்க முழங்கால் தண்ணிதான்டா. என் பையன் வலையைத் தொடறதே இல்ல, கான்ட்ராக்ட் வேலைக்குப் போறான்." 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றி ஆற்றைச் சீர்செய்ய உத்தரவிட்டது.

கடற்கரையின் கதை இன்னும் பழையது. மதராஸ் துறைமுகத்தின் கல் சுவர்கள், வடக்கு நோக்கிப் போகும் மணலைத் தடுத்துவிட்டன. அதனால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே திருவொற்றியூர், எர்ணாவூர் கரை தேய்ந்தது. இன்று அங்கே மணலுக்குப் பதில் கொட்டிய பாறைகள்தான். நகரம் காற்று வாங்கும் மெரினா மணலில் நம் பங்கும் இருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

"அழகு போனால் என்ன, சோறு போடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலை வழியாக இங்கேதான் வரவேண்டும். வடசென்னையின் வெள்ளத்திற்கும் வடிகால் இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோமே! படகும் வலையும் கருப்பாகி, சதுப்பு மரங்களின் வேரிலும் எண்ணெய் ஒட்டியது. நாங்கள் அழகு என்று ரசித்தது அந்த ஆற்றின் அகலத்தைத்தான். மீனுக்கு இடம் தந்ததும் அந்த அகலம்தான், வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பியதும் அந்த அகலம்தான். காட்சி கெட்டபோதே நாம் சுதாரித்திருக்க வேண்டும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. நாங்கள் வாய் பிளந்து பார்த்ததற்கு ஆயுள் ஐம்பது வருஷம்கூட இல்லை. ஆறோ அதற்கு முன்னும் இருந்தது, இன்னும் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கம்பி போகட்டும், கரையோடு போகட்டும். போட்ட மண் பாதையை வேலை முடிந்ததும் எடுக்கட்டும். மிச்சமிருக்கும் தண்ணீரில் இனி ஒரு லாரி மண்கூட விழக்கூடாது.

உங்களில் யாரிடமாவது பழைய எண்ணூர்ப் படங்கள் இருந்தால் எடுத்து வைத்து, பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள். என் பேத்தி நான் சொன்னதை இன்னும் முழுசாக நம்பவில்லை.