மூன்றில் ஒரு பங்கு: நெஞ்செரிச்சலின் நெடிய வரலாறு

ரமளான் இரவுகளில் நம் இல்லங்கள் பலவற்றில் காணும் காட்சி இது. இஃப்தாரில் கஞ்சி, வடை, சமோசா. தராவீஹ் முடிந்து வந்ததும் நெய்ச்சோறும் இறைச்சியும். பின்னர் ஸஹர் உணவு. பஜ்ர் தொழுத கையோடு படுக்கை. கண்ணயரும் முன்பே நெஞ்சுக்குழியில் எரிச்சல் எழும்புகிறது. தொண்டை வரை புளித்த நீர் எதுக்களிக்கிறது. மாத்திரை விழுங்கவும் வழியில்லை, நோன்பு தொடங்கிவிட்டது.

இந்நோவும் புதியதன்று, இதைப் பற்றிய சிந்தனையும் புதியதன்று. அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், இன்று நாம் செய்யும் இரு தவறுகள் விளங்கும். மாத்திரை இருக்கிறது என்ற துணிவில் வயிறு முட்ட உண்பது ஒன்று. சுன்னத் இருக்க மருத்துவர் எதற்கு என்று நோயை வளரவிடுவது மற்றொன்று.

நிரப்பப்படும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது இல்லை என்றும், முதுகை நிமிர்த்த சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமாயின் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என அமையட்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. வயிறே நோயின் வீடு என்ற கூற்றையும் பலர் நபிமொழியாகச் சொல்வதுண்டு. அது நபிமொழியன்று, தாயிஃபைச் சேர்ந்த அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் சொல் என்பதை அறிஞர் இப்னுல் கய்யிம் தெளிவுபடுத்தியுள்ளார். கருத்து நல்லதாயினும் அதை உரியவரிடமே சேர்க்கவேண்டும் என்ற நேர்மை நம் அறிஞர்களிடம் இருந்தது.

அந்த நேர்மையே அவர்களை ஆய்வுக்கும் இட்டுச் சென்றது. பத்தாம் நூற்றாண்டில் மோசூல் நகரில் வாழ்ந்த மருத்துவர் இப்னு அபில் அஷ்அஸ், உயிருள்ள சிங்கமொன்றின் இரைப்பையை ஆராய்ந்து, அது நிரம்பும்போது எவ்வாறு விரிந்து கொடுக்கிறது என்பதை எழுதிவைத்தார். 1025ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற ‘அல்கானூன்’ நூலில் இப்னு சீனா, உண்டபின் எந்தப் பக்கமாகப் படுப்பது என்பது வரை ஆராய்ந்தார். பதினான்காம் நூற்றாண்டு திமிஷ்கில் வாழ்ந்த இப்னுல் கய்யிம், இரவு உணவுக்குப் பின் நூறு அடியேனும் நடக்கவேண்டும், உண்டவுடன் உறங்குவது பெருந்தீங்கு என்ற மருத்துவர்களின் அறிவுரையைத் தம் ‘ஸாதுல் மஆத்’ நூலில் பதிந்தார். நடப்பதற்குப் பதிலாகத் தொழலாம் என்று முஸ்லிம் மருத்துவர்கள் சொன்னதையும் அவர் சேர்த்தே குறிப்பிட்டார்.

எரிப்பது எது என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. 1824இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட், இரைப்பையில் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டினார். 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டடிபட்ட ஓர் இளைஞரின் வயிற்றில் ஆறாத துளையொன்று தங்கிவிட்டது. அதன் வழியே செரிமானத்தைப் பல ஆண்டுகள் கவனித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், 1833இல் தம் நூலை வெளியிட்டார். மனிதர் பொதுவாகத் தேவைக்கு மேலேயே உண்கின்றனர், அம்மிகுதி நோய்க்குக் காரணமாகிறது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு என்ற அறிவுரையை நினைவூட்டும் முடிவு அது.

1935இல் நியூயார்க்கின் ஆஷர் விங்கல்ஸ்டைன், மேலேறும் இரைப்பை நீரால் உணவுக்குழாய் புண்ணாவதை விவரித்தார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் தசை வளையமொன்று கதவுபோல் காக்கிறது. இரைப்பை அளவுக்கு மீறி விரியும்போது அக்கதவு அடிக்கடி தளர்கிறது. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்குகிறது. தொப்பை அதனைக் கீழிருந்து அழுத்துகிறது. புகைபிடித்தல் அந்த வளையத்தை மேலும் தளர்த்துகிறது.

1976இல் சிமெடிடின், 1988இல் ஒமெப்ரசோல் என அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வந்தன. அவை பலரைக் காத்த அருட்கொடைகள். குறைத்துப் பேச வேண்டியவை அல்ல. ஆயினும் அவை அமிலத்தைக் குறைக்கின்றனவே அன்றி, தளர்ந்த கதவைச் செப்பனிடுவதில்லை. ஆகவேதான் உடல் எடையைக் குறையுங்கள், உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் இன்றும் வலியுறுத்துகின்றனர். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்திற்குக் கட்டை வைக்கச் சொல்கின்றனர். தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், பயன் குறைவு.

ஓர் ஐயம் எழலாம். வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இடப்பக்கமே நல்லது என்கிறது இன்றைய ஆய்வு. இடப்பக்கம் படுக்கையில் இரைப்பையின் வாய் அமிலத்திற்கு மேலே நிற்கிறது என்பதே காரணம். வலப்பக்கம் சாய்ந்து துஆ ஓதி உறக்கத்தைத் தொடங்குவது விரும்பத்தக்க சுன்னத். பிணியுள்ளவர் பின்னர் இடப்பக்கம் திரும்புவதில் தடையேதுமில்லை. முதலில் வலம், பின் சிறிது நேரம் இடம், இறுதியில் மீண்டும் வலம் என்று இப்னுல் கய்யிம் எழுதினார். இறுதி நிலையில் இன்றைய ஆய்வு அவரிடமிருந்து வேறுபடுகிறது. கல்லீரலின் வெப்பமே இரைப்பையில் உணவைச் சமைக்கிறது என்று நம்பிய காலத்தின் மருத்துவத்தைக் கொண்டு அவர் பேசினார். நாம் நம் காலத்து மருத்துவத்தைக் கொண்டு நடப்பதும் அவர் வழியே.

நபி (ஸல்) அவர்கள் ஸஹர் உண்டு எழுந்ததற்கும் தொழுகைக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது வசனங்கள் ஓதும் நேரம் இருந்தது என்று ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அறிவிக்கின்றார்கள். பஜ்ர் தொழுதபின் சூரியன் உதிக்கும் வரை தொழுத இடத்திலேயே அமர்ந்திருப்பது நபியவர்களின் வழக்கம். அந்த ஒரு வழக்கத்தை நாம் மீட்டெடுத்தாலே, ஸஹருக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிடைத்துவிடும். இஃப்தாரில் பொரித்ததைக் குறைத்து, பேரீச்சம்பழமும் நீரும் அளவான கஞ்சியுமாக முடித்தால், தராவீஹில் ஸஜ்தாவுக்குக் குனியும்போதும் நெஞ்சில் நெருப்பேறாது.

ஓர் எச்சரிக்கை. விழுங்குவதில் சிரமம், காரணமின்றி உடல் மெலிதல், கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும். நெஞ்சுவலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், அதை வாயு என்று எண்ணி ஓமநீர் குடித்துக் காத்திருக்கலாகாது. அது மாரடைப்பாக இருக்கலாம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று பணித்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

அளவோடு உண்ணும் நாவையும், அமானிதமான உடலைப் பேணும் அறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.