மணலும் ஓலையும் ஒரு முழத் துணியும்

சிறு பிள்ளைகளை இயற்கைப்பள்ளி, வனப்பள்ளி என்று வெட்டவெளிக் கல்விக்கு அனுப்பும் பெற்றோர் இன்று நீண்டதொரு பட்டியலோடு கடைக்குப் போகிறார்கள். மழைக்கோட்டு, ரப்பர்க் காலணி, அகன்ற தொப்பி, மாற்றுடை, தண்ணீர்க் குப்பி. இவ்வகைப் பள்ளிக்கு முன்னோடியாக 1904இல் பெர்லினையடுத்த சார்லட்டன்பர்க்கில் தொடங்கிய வனப்பள்ளியைச் சொல்வது வழக்கம். நம் நாட்டவர் 1901இல் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனத்தையும் சேர்த்துக்கொள்வர். முத்துக்குளித்துறையில் நின்று பார்க்கும்போது இரண்டுமே பிந்தியவை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1542ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். கையில் மணியொன்றை ஒலித்தபடி தெருக்களில் நடந்து, பரதவச் சிறுவரை ஓரிடத்தில் கூட்டி, ஒரு நாளைக்கு இருமுறை மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்ததாக அவரே 1544இல் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் சொல்லும்படி பிள்ளைகளைப் பணித்தார். சமயம் பரப்புவதே அவர் நோக்கம். அதைக் கல்வி வரலாற்றில் எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் கட்டடம், பலகை, ஏடு எதுவுமில்லாமல் குரலை மட்டும் நம்பி நடந்த வகுப்பு அது. பிள்ளைகள் கொண்டுவர வேண்டிய பொருள் ஒன்றுமே இல்லை.

திண்ணைப் பள்ளிக்கோ ஆயத்தம் வேண்டும். தொடக்கத்தில் பிள்ளை விரலால் மணலில் எழுதும். அரிச்சுவடி கைவந்த பின்னரே ஓலை. இந்த ஓலையைத் தரும் பனை தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளில் மலிந்து கிடந்தது. பக்குவமான ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, அளவாய் நறுக்கி, கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவர். வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காகக் கப்பலேறிய சங்கு, இங்கே பிள்ளையின் ஏட்டை மழமழப்பாக்கவும் உதவியது! பிறகு துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி. எழுத்தாணி கீறிய வரி கண்ணுக்குத் தெரிய மஞ்சளும் கோவையிலைச் சாறும் கரியும் தடவுவார்கள். எழுத்தாணியிலும் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகைகள் உண்டு. இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணியைத் தாங்கி ஓட்டுவதும் வழக்கம். நகத்தை வளர்த்து வைப்பதும் பள்ளிக்குரிய ஆயத்தமாக இருந்த காலம் அது.

பிற உடைமைகளும் பனையின் கொடையே. வெயிலுக்கு ஓலைக்குடை, தின்பண்டத்துக்கு ஓலைக்கொட்டான், வாய்க்கு ஒரு துண்டு கருப்பட்டி. அறுந்தால் அன்று மாலையே வேறொன்று முடைந்துகொள்ளலாம். இன்றைய பட்டியலில் அந்த வசதி இல்லை.

மணலெழுத்து நம் எல்லைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 1623இல் இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் தரையில் மணல் பரப்பி எழுதிக் கணக்குப் படித்ததைக் கண்டு வியந்து எழுதினார். 1789இல் சென்னை அனாதைப் படைச்சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப்பள்ளி ஒன்றில் இதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் முறையும் அதனுடன் சேர்ந்தது. 1797இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின் இது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. லண்டன் ஏழைச் சிறுவர் மணற்பலகையில் எழுத்துப் பழகினர். தாளும் மையும் விலை கூடிய நாட்டில் மணல் சிக்கனமாய்த் தெரிந்தது.

இவ்வளவு சொன்னபின் உடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கேதான் இந்த வரலாறு கசக்கிறது. திண்ணையில் அமர்ந்த சிறுவர் பெரும்பாலும் அரையில் ஒரு முழத் துணியோடுதான் இருந்தனர். வெக்கைக்கு அது போதும். நவராத்திரியில் மட்டும் நல்லாடை உடுத்தி, கோலாட்டக் கழியோடு வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குப் பணம் சேர்ப்பார்கள். ஆனால் இந்த எளிமையை நாம் வியந்து கொண்டாடும்போது, திண்ணையில் ஏறவே முடியாதவர்களை மறந்துவிடுகிறோம். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கப் பணித்து, 1826இல் தந்த குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர் 1,88,650 பேர். அவர்களில் பெண்கள் மிகச் சிலரே. ஓலையை வெட்டித் தந்த பனையேறியின் மகனுக்கு அந்த ஓலையில் எழுதும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. அவன் உடை எதுவரை இருக்கலாம் என்பதையும் ஊர் கவனித்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மெல்ல அசைந்தது. தாது வருடப் பஞ்ச காலத்தில், 1876இல், நாசரேத்துக்கு வந்த மர்காஷிஸ் ஐயர் அனாதைச் சிறுவர்களைச் சேர்த்தார். 1878இல் கைத்தொழிற்பள்ளி தொடங்கினார். தையலும் அங்கே ஒரு பாடம். உடுத்தத் துணியில்லாமல் வந்தவனே துணி தைக்கக் கற்றான் என்பதை நாம் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

துணி இல்லாமையும் பசியும் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தும் என்பதைக் காமராசர் ஆட்சி நன்கு உணர்ந்திருந்தது. மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஊர்தான் அது. அக்காலக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் மணியும் மட்டுமின்றிச் சீருடைத் துணியும் நன்கொடையாய்த் தந்தனர். யார் வீட்டுப் பிள்ளை என்பதை உடையைக் கொண்டு சொல்ல முடியாமற்போனது அப்போதிருந்துதான். இன்று சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு அரசு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை தருகிறது. காலணியும் தருகிறது, உப்பளத்து வெண்மண்ணில் நடந்து வரும் பிள்ளைக்கு அதன் அருமை தெரியும்.